நூல்கண்டு கேட்டு வருபவரை நாம் அறிவோமா?



ஆன்லைன் வியாபாரம் நம் வயிற்றில் அடிக்கிறது என்று சங்கக் கூட்டந்தோறும் பேசுகிறோம். இந்த இதழிலும் எழுதுகிறோம். அதில் பொய் ஒன்றும் இல்லை. பெரிய நிறுவனங்கள் நட்டத்துக்கு விற்றாவது நம் வாடிக்கையாளரை இழுக்கின்றன என்பது பருப்பு விற்பவருக்கும் தெரியும், சோப்பு விற்பவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோபத்தில் பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, "வியாபாரத்தைக் கெடுக்க வந்த சனியன்கள்" என்று ஒதுக்கி விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறைந்தபட்சம் நான் விற்கும் சரக்கைப் பொறுத்தவரை, நம்மைவிட்டு வாடிக்கையாளர் விலகியதற்குச் செல்போன் மட்டும் காரணம் அல்ல. நம் கவுண்டரிலும் காரணம் இருக்கிறது.

நான் திருநெல்வேலியில் நூல், உல்லன், சணல், கயிறு, கூடை வயர் ஆகியவற்றை மொத்தமாக விற்று வருகிறேன். இந்த இதழைப் படிக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் மளிகைக்காரர்கள். "நூல் வியாபாரியின் புலம்பல் எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் கடையில் ஊசி அட்டை தொங்குகிறது. தையல் நூல் இருக்கிறது. கொடிக்கயிறு இருக்கிறது. கிராமப்புறக் கடைகளில் வயர் ரோலும் உல்லன் உருண்டையும்கூட இருந்தன. இருந்தன என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1980-களில் நம் வீடுகளில் உல்லன் நூல் இல்லாத வீடு குறைவு. வாசல் நிலைக்கு உல்லன் தோரணம், ரேடியோப் பெட்டிக்கு உறை, டிரான்சிஸ்டருக்கு உறை, பிற்பாடு டெலிபோன் வந்ததும் அதற்கும் ஓர் உறை. வெயில் கொளுத்தும் ஊரில் யாரும் ஸ்வெட்டர் போடப் போவதில்லை. ஆனாலும் உல்லன் விற்றது. பெண்கள் மத்தியான வேளையில் திண்ணையில் கூடி உட்கார்ந்து பின்னினார்கள். வயர் கூடை அதைவிட அதிகம். நெல்லிக்காய்க் கூடை, சிவன் கண் கூடை, பிஸ்கட் கூடை என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் உண்டு. "ஒரு ரோல் கூடையா, ரெண்டு ரோல் கூடையா?" என்று கேட்டுத்தான் வயரை எடுத்துக் கொடுப்போம். ஒரு தெருவில் ஒரு அக்காவுக்குப் புதிய முடிச்சு தெரிந்துவிட்டால், அடுத்த வாரம் அந்தத் தெரு முழுக்க அதே நிற வயர் கேட்டு வரும். மொத்த வியாபாரிக்கு அதுதான் மார்க்கெட் நிலவரம்.

பின்னர் கேரி பேக் வந்தது. சாமான் வாங்கினால் பை இலவசம் என்று நாமே கொடுத்தோம். திண்ணை இடித்துக் கட்டப்பட்டு வண்டி நிறுத்தும் இடமாயிற்று. பெண்பிள்ளைகள் படிக்கப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், அது நல்லதுதான். தொலைக்காட்சித் தொடரும் வந்தது. பின்னல் குறைந்தது. முற்றாக நின்றுவிட்டது என்று நாம் முடிவு கட்டி, வயர் ரோல் இருந்த இடத்தில் ஷாம்பு சாஷேவைத் தொங்கவிட்டோம்.

நிற்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. திண்ணை போயிற்று, திண்ணையில் கூடும் ஆசை போகவில்லை. அது செல்போனுக்குள் இடம் மாறிவிட்டது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகளுக்கு நேரம் வைத்துத் திறக்க அனுமதி இருந்தது. நூல் கடைக்கு இல்லை. கிடங்கில் சரக்கு, கையில் வேலை இல்லை. அப்போது கிடங்கிலிருந்து ஒரு ரோல் வயரை எடுத்துவந்து, என் அக்கா சிறுவயதில் கற்றுக்கொடுத்த கூடையைப் பின்ன உட்கார்ந்தேன். அடி போட்டேன், சுவரும் எழுப்பினேன், கைப்பிடி கட்டுவது மறந்துபோயிற்று. அக்கா இப்போது இல்லை. பேத்தி என் செல்போனில் ஒரு பேஸ்புக் குழுவைக் காட்டி, "தாத்தா, இதுல போட்டோ போட்டுக் கேளுங்க" என்றாள். போட்டேன். பத்து நிமிடத்துக்குள் சேலத்திலிருந்து ஓர் அம்மா பதில் எழுதினார்கள். அரை மணியில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தன் கூடையின் கைப்பிடியை நான்கு கோணத்தில் படம் எடுத்து அனுப்பினார். "அண்ணாச்சி, வயரை இழுத்துப் பிடிங்க, தளர்ந்திருக்கு" என்று கண்டித்து எழுதியவர் கோவில்பட்டிக்காரர். நாற்பது ஆண்டுகளாக வயர் விற்கும் எனக்கு, வயரை வாங்குபவர்களோடு வயரைப் பற்றிப் பேசக் கிடைத்த முதல் வாய்ப்பு அதுதான். அதற்கு முன் விலையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன்.

அன்று முதல் அந்தக் குழுக்களைக் கவனித்து வருகிறேன். இன்று முதலிடம் குரோஷேவுக்குத்தான். ஒரே ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூல் உருண்டையும் இருந்தால் போதும். ரயிலில் உட்கார்ந்து பின்னலாம்; ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பின்னலாம். ஜப்பான்காரர்கள் "அமிகுருமி" என்று சொல்லும் பஞ்சு அடைத்த பொம்மைகளைச் செய்யாத குழுவே இல்லை. நம் பக்கத்துப் பின்னலாடை இயந்திரங்கள் திருப்பூரில் இரவு பகலாக ஓடுகின்றன. ஆனால் குரோஷே பின்னலை அதே முறையில் இயந்திரத்தில் கொண்டுவருவதில்லை. இயந்திரத்தில் வருவது பார்வைக்கு அதைப்போல் இருக்கும் வேறு பின்னல். ஆகவே கையால் செய்பவருக்கு ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள ஆள் வேண்டுமல்லவா? வீட்டில் உள்ளவர்கள், "இந்த வயசுல பொம்மையா?" என்கிறார்கள். குழுவில் உள்ளவர்கள், "காதை இன்னும் இரண்டு வரிசை இறக்கி வையுங்கள், அழகாக இருக்கும்" என்கிறார்கள். ஆள் எங்கே போவார்?

இன்னொரு தேவையும் உண்டு. அமெரிக்கர்கள் "சிங்கிள் குரோஷே" என்று சொல்வதை இங்கிலாந்துக்காரர்கள் "டபுள் குரோஷே" என்பார்கள். அமெரிக்கரின் "டபுள்" இங்கிலாந்தில் "டிரெபிள்". ஒரே பெயர், இரு வேறு உயரம். நம்மவர்களுக்கு இது புரியும். முன்காலத்தில் பட்டணத்துப் படி வேறு, நம் ஊர்ப் படி வேறு என்று இருந்ததல்லவா? எந்தப் படி என்று கேட்காமல் நெல் வாங்கியவர் கதிதான், எந்த நாட்டுக் குறிப்பு என்று பார்க்காமல் பின்னுபவர் கதியும். புத்தகம் மட்டும் வைத்துக்கொண்டு தனியே தடுமாறுபவருக்கு, "அது அமெரிக்கக் குறிப்பு அம்மா" என்று சொல்ல ஒரு கூட்டாளி வேண்டும். 2007-இலேயே ஓர் அமெரிக்கத் தம்பதியர் பின்னல்காரர்களுக்கென்றே "ரேவல்ரி" என்ற இடத்தை இன்டர்நெட்டில் தொடங்கினார்கள். எந்த நூலில் எதைப் பின்னினால் எப்படி வரும் என்று பின்னியவர்களே அதில் எழுதி வைக்கிறார்கள். நம் சரக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததைவிட வாடிக்கையாளருக்கு அதிகம் தெரிந்திருப்பது இப்படித்தான்.

இதெல்லாம் வேலையற்றவர்களின் அரட்டை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் என்ற அம்மையார் "மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்" என்ற பெயரில் பேஸ்புக் வழியே குரோஷே தெரிந்த பெண்களைச் சேர்த்தார். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் வீட்டில் சதுரம் சதுரமாகப் பின்னினார்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் அவற்றை ஒன்றாக இணைத்து விரித்தபோது அளவு 11,148.5 சதுர மீட்டர். உலகிலேயே பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் பதிவாயிற்று. நம் கணக்கில் சொன்னால் 1 லட்சத்து 20 ஆயிரம் சதுர அடி. 50 கிரவுண்டு நிலம். பிறகு அதைப் பிரித்துப் போர்வைகளாக ஏழை எளியவர்களுக்குக் கொடுத்தார்கள். 50 கிரவுண்டு போர்வைக்கு எத்தனை உருண்டை நூல் போயிருக்கும் என்று நம்மில் எவராவது அன்று கணக்குப் போட்டோமா? பத்திரிகையில் படம் பார்த்ததோடு சரி.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நூல் பின்னல் நம் தென்கோடிக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அது கொக்கி ஊசி வேலை அல்ல. திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்த லேஸ் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகளில் இருக்கிறது. அவருடைய மகள் எலைசாதான் பிஷப் கால்டுவெல்லின் மனைவி. அவர் அந்த வேலையை எங்கள் மாவட்டத்து இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். தேரிக்காட்டுப் பெண்களின் கையில் பிழைப்பு கொடுத்தது ஒரு நூல்கண்டு.

அதே பின்னலுக்கு மறுபக்கமும் உண்டு. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நர்சாபூர் என்ற ஊர். அங்கே குரோஷே லேஸ் ஏற்றுமதித் தொழில். ஜெர்மனியைச் சேர்ந்த மரியா மீஸ் என்ற ஆய்வாளர் அந்தப் பெண்களைப் பற்றி 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். நாள் முழுக்கக் குனிந்து பின்னிய பெண்களைத் தொழிலாளிகள் என்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை; "வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள்" என்று சொல்லிச் சொல்லிச் சொற்பக் கூலி கொடுத்தார்கள், லாபம் வியாபாரிக்கும் ஏற்றுமதியாளருக்கும் போயிற்று என்பது அதன் சாரம். வியாபாரியான எனக்கு இதை எழுதச் சற்றுக் கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். காரணம், பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் எந்த இடத்தில் பயன்படுத்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கூலிக்குப் பின்னுவது வேறு. ஆசைக்குப் பின்னுவது வேறு. கூலிக்காரிக்கு நியாயமான காசு வேண்டும். ஆசைக்குப் பின்னுபவருக்குக் காசு வேண்டாம், மரியாதை வேண்டும். நாம் பெரும்பாலும் முன்னவருக்குக் காசையும் பின்னவருக்கு மரியாதையையும் குறைத்தே கொடுத்து வந்திருக்கிறோம்.

மரியாதைக் குறைவு என்பது எப்படி? சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு பெரிய கடை, பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் கட்டில் விரிப்புப் பின்னிக்கொண்டிருந்தார்கள். முக்கால் பங்கு முடிந்த நிலையில் நூல் தீர்ந்துவிட்டது. லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதே நிறத்தில் மூன்று உருண்டை கேட்டிருக்கிறார்கள். கடைப்பையன், "மூணு உருண்டைக்காகப் பாக்கெட்டை உடைக்க முடியாது" என்றான். முதலாளி கல்லாவில் இருந்துகொண்டே, "பச்சைன்னா பச்சைதானேம்மா, இருக்கிறதை வாங்கிட்டுப் போங்க" என்றார். டீச்சரம்மா வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினார்கள். தூத்துக்குடியில் ஒருவரிடம் அதே நிறம், அதே லாட் இரண்டு உருண்டை மிச்சம் இருந்தது. கூரியரில் அனுப்பி வைத்தார்; காசுகூட வாங்கவில்லை. மூன்றாவது உருண்டைக்குப் பதில் ஓரத்தில் வேறு நிறம் கொடுத்து முடித்தார்கள். குழுவில் எல்லோரும் அந்தக் கடையின் பெயரைப் படித்தார்கள். அதற்குப் பின் அந்தக் கடைக்காரர் என்ன விளம்பரம் போட்டு என்ன பயன்?

"பச்சைன்னா பச்சைதானே" என்பது நூல் தெரிந்தவர் சொல்லும் பேச்சல்ல. ஒரே நம்பர் நிறமானாலும் ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் ஒரு சாயை கூடும் அல்லது குறையும். அதனால்தான் லேபிளில் நிற எண்ணோடு லாட் எண்ணும் அச்சிடுகிறார்கள். உருண்டையாகப் பார்க்கும்போது தெரியாது. விரிப்பாகப் பின்னி வெளிச்சத்தில் விரித்தால் கோடு போட்டதுபோல் தெரியும். ஆறு மாத உழைப்பு அந்தக் கோட்டில் போய்விடும். அரிசியில் புதுசையும் பழசையும் கலந்து கொடுத்தால் உலை வைத்ததும் தெரிந்துவிடுவதில்லையா, அதுபோல.

ஆகவே இந்தச் சரக்கை வைக்க விரும்பும் சில்லறை வணிகர்களுக்கு என் யோசனை. பத்து நிறத்தில் ஒவ்வொரு உருண்டை வாங்கி அலங்காரமாக அடுக்காதீர்கள். நான்கு நிறம் போதும். ஒவ்வொன்றும் ஒரே லாட்டில் ஒரு முழு பாக்கெட் இருக்கட்டும். பில்லில் லாட் எண்ணை எழுதிக் கொடுங்கள். பின்னிக்கொண்டிருப்பவர் கேட்டால் இரண்டு உருண்டையைப் பதினைந்து நாள் எடுத்து வைத்திருங்கள். வராவிட்டால் விற்றுவிடலாம், அழுகும் சரக்கல்ல. கொக்கி ஊசியை மில்லிமீட்டர் கணக்கில் வையுங்கள். மெல்லிய பருத்தி நூலுக்குச் சன்னமான ஸ்டீல் ஊசி, உல்லனுக்கு 3, 3.5, 4 மில்லிமீட்டர். "சின்னது, பெரியது" என்று சொன்னால் குழுவில் படித்துவிட்டு வருபவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நம் ஊர் வெக்கைக்கு அக்ரிலிக்கைவிடப் பருத்தி நூல் கேட்பவர்கள் இப்போது அதிகம்; அதையும் வையுங்கள். செயற்கை இழை நூலுக்கு இருந்த 12 சதவிகித ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகிதமாகக் குறைந்திருப்பதைப் பழைய விலைச்சீட்டு ஒட்டியிருப்பவர்கள் கவனிக்கவும். மளிகைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: நூலைப் பெருங்காயத்துக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். குழந்தைக்குத் தொப்பி பின்னுகிறவர் சாம்பார் வாசனையை ரசிக்கமாட்டார்.

பை விஷயமும் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கிற்று. குழுக்களில் பருத்தி நூலிலும் சணலிலும் வலைப்பை பின்னுபவர்கள் அதற்குப் பின் பெருகியிருக்கிறார்கள். வெங்காயத்துக்கு அதைவிடக் காற்றோட்டமான பை கிடையாது. தன் கையால் பின்னிய பையோடு கடைக்கு வரும் அம்மாளிடம், "நீங்களே பின்னினதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விலையில் பத்து ரூபாய் குறைத்ததைவிட அது அதிக நாள் நிற்கும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பத்துக் குழுக்களில் சேர்ந்து விலைப்பட்டியலைப் போட்டுவிடலாம் என்று சிலர் கிளம்பக்கூடும். அது வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பேன்சி ஸ்டோர்க்காரர் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் மருந்துபோல விளம்பரம் போட்டார். நான்காம் நாள் நீக்கிவிட்டார்கள். அவருக்கு ஒரே வருத்தம். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலைக்காரரிடம் துவரம்பருப்பு ரேட் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? கூட்டம் கூடியிருப்பது பின்னுவதற்கு. அங்கே போகிறவர் முதலில் பின்ன வேண்டும். அல்லது பின்னலைப் பற்றித் தெரிந்து நாலு பேருக்கு உதவ வேண்டும். "இந்த நூல் சாயம் போகுமா?" என்று யாராவது கேட்டால், போகும் என்றால் போகும் என்று சொல்ல வேண்டும். நம்மிடமே அந்தச் சரக்கு இருந்தாலும் சொல்ல வேண்டும். பிறகு அவர்களே, "அண்ணாச்சி, உங்க கடை எங்கே?" என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நட்டம் ஒன்றும் இல்லை.

குழுக்கள் எல்லாம் கோயில் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் உழைத்து எழுதிய பின்னல் குறிப்பை இன்னொருவர் தன் பெயரில் போடுவது உண்டு. "வீட்டிலிருந்தே பொம்மை பின்னிக் கொடுங்கள், மாதம் இத்தனை ஆயிரம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வருபவன் உறுதியாகத் திருடன்தான். பாதி விலையில் நூல் என்று போட்டு ஜி-பேயில் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர்களும் இருக்கிறார்கள். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்; நாள் கடந்தால் மீட்பது கடினம். நம் கடைக்கு ஒரு பலம் இருக்கிறது என்றால் இங்கேதான். நமக்குக் கதவு எண் உண்டு, பெயர்ப்பலகை உண்டு. நூல் சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே வந்து சண்டை போடலாம்.

அப்புறம், ஆண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று என்னைக் கேலி செய்யும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரையில் வலை முடிபவர்கள் யார்? தறியில் உட்காருபவர்கள் யார்? கயிறு திரிப்பவர்கள் யார்? அங்கெல்லாம் ஆண்களைப் பார்த்த நமக்கு, கல்லாவில் உட்கார்ந்து ஒருவன் வலைப்பை பின்னினால் மட்டும் சிரிப்பு வருகிறது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை நம் கடைத்தெருவில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்று தூக்கம், இல்லையென்றால் செல்போனில் அரசியல் சண்டை. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு கூடையின் ஒரு சுவரை முடிக்கிறேன். விரல் பழகிவிட்டால் முடிச்சைப் பார்க்கக்கூட வேண்டாம். மனம் கணக்கை விட்டு விலகி நிற்கிறது. வரவேண்டிய பாக்கி அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. இதைவிடப் பெரிய ஓய்வு ஒரு மொத்த வியாபாரிக்கு உண்டா என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர்களிடம் பேச ஆளில்லை. ஐம்பது வருடம் வாய் ஓயாமல் பேசிய மனிதர்கள் அவர்கள். அவர்கள் வீட்டு அம்மாக்களுக்கும் அதே நிலைதான். ஆனால் அம்மாக்களில் பலர் எங்கோ ஒரு குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சேலமும் ஒரு சிங்கப்பூரும் இருக்கின்றன.

செல்போனில் கூடுவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஊசி பிடிக்கும் விதத்தை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலைத் திருத்திக் காட்டுவதுபோல் படம் காட்டாது. எங்கள் குழுவில் பாளையங்கோட்டை, டவுன், மேலப்பாளையம், பேட்டை என்று சுற்றுவட்டாரத்தில் மட்டுமே முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். பல மாதமாக நேரில் கூட வேண்டும் என்று பேசுகிறார்கள். ஓட்டலில் நெடுநேரம் உட்கார விடமாட்டார்கள். கல்யாண மண்டபத்துக்கு வாடகை கட்டுப்படியாகாது. நம் சங்கக் கட்டடத்தின் மாடி ஞாயிற்றுக்கிழமை மதியம் பூட்டித்தான் கிடக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, மூன்று மணி முதல் ஆறு மணி வரை அவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. யாரும் அங்கே கடை போடக் கூடாது, நான் உட்பட. நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறேன். உறுப்பினர்கள் ஆதரவோ மறுப்போ, செயலாளரிடம் தெரிவிக்கலாம். மாடியில் மூன்று மின்விசிறிகளில் ஒன்று ஓடவில்லை. அதை என் செலவில் சரி செய்து தருகிறேன்.